முகப்பும் வேலையாளும்



தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த குடும்பங்களில், அலமாரியின் மேல்தட்டிலோ கட்டிலுக்கு அடியிலோ ஒரு பழைய பெட்டி இருப்பதைப் பார்க்கலாம். அதற்குள்ளே சில ஒலிநாடாக்களும் ஒன்றிரண்டு வீடியோ நாடாக்களும் இருக்கும். ஒன்றில் பாட்டி பாடிய தாலாட்டு; இன்னொன்றில் தாத்தா தம்முடைய இளமைக் காலத்தைச் சொல்லும் குரல்; மற்றொன்றில் மாரியம்மன் திருவிழாவில் முழங்கிய உருமி மேளம்; வேறொன்றில் அத்தையின் திருமணம். அந்தப் பாட்டியும் தாத்தாவும் இன்று நம்மோடு இல்லாமல் இருக்கலாம். அந்தத் தோட்டமே இல்லாமல் போயிருக்கலாம். எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டன. எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. லயத்து வீடுகள் இடிக்கப்பட்ட பிறகு, அங்கே வாழ்ந்தவர்களின் குரல் அந்தப் பெட்டிக்குள்ளே மட்டும்தான் எஞ்சியிருக்கிறது.

ஆனால் அந்தப் பெட்டிக்கு ஆயுள் குறைவு. பிலிப்ஸ் நிறுவனம் ஒலிநாடாவை 1963-இல் அறிமுகப்படுத்தியது. ஜேவிசி நிறுவனத்தின் விஎச்எஸ் வீடியோ நாடா 1976-இல் வந்தது. நாடா என்பது மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. அதன்மேல் காந்தத் தூள் ஒருவகைப் பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் அந்தப் பசை தளர்ந்துபோகும், பூஞ்சணமும் பிடிக்கும். நாடா நன்றாக இருந்தாலும் அதை ஓட்டும் கருவி கிடைப்பது அரிதாகிவிட்டது. விஎச்எஸ் கருவிகளைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அந்த உற்பத்தியை நிறுத்திவிட்டது.

ஆகவே, நாடாவில் இருப்பதைக் கணினிக்கு மாற்றிக் காப்பது நாளைக்குத் தள்ளிப் போடக்கூடிய வேலை அல்ல. அதற்கு வேண்டிய மென்பொருள்கள் ஒரு வெள்ளிகூடச் செலவில்லாமல் கிடைக்கின்றன. அவற்றுள் ஆற்றல் மிக்கவை சில, கறுப்புத் திரையில் எழுத்தால் கட்டளை இட்டால்தான் வேலை செய்யும். அந்தத் திரையைக் கண்டதும் பலருக்கு அச்சம் வந்துவிடுகிறது. அச்சத்தைப் போக்குவதற்காக, பொத்தான்களும் பட்டியல்களும் படங்களும் கொண்ட முகப்புகளைச் சிலர் செய்து கொடுத்திருக்கிறார்கள். அந்த முகப்புகள் உண்மையில் என்ன செய்கின்றன, அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம், எந்த இடத்தில் நாம் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதே இன்றைய உரையின் பொருள்.

கறுப்புத் திரைக்குள் இருக்கும் வேலையாள்

தொடக்க காலக் கணினித் திரைகளில் படமும் இல்லை, சுட்டெலியும் இல்லை. மனிதர் ஒரு வரியைத் தட்டுவார்; கணினி அதைச் செய்துவிட்டு அடுத்த வரிக்காகக் காத்திருக்கும். இதற்குத்தான் கட்டளை வரி என்று பெயர். அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் 1973-இல் ஆல்ட்டோ என்னும் கணினி உருவானது. அதிலே சாளரங்களும் சுட்டெலியும் இருந்தன. 1984-இல் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கிண்டாஷ் வந்த பிறகு, திரையில் படத்தைச் சுட்டி வேலை வாங்கும் முறை வீடுகளுக்கும் பரவியது.

அப்படியானால் கட்டளை வரி மறைந்துவிட்டதா என்றால், இல்லை. காரணம் எளியது. ஒலியையும் படத்தையும் மாற்றும் வேலை மிகக் கடினமான கணக்கு வேலை. அதை எழுதுகிறவர்களின் கவனமெல்லாம் அந்தக் கணக்கின்மேல்தான் இருக்கும். பொத்தானின் அழகைப் பற்றி அவர்கள் கவலைப்படுவதில்லை.

இப்படிப்பட்ட வேலையாட்களுள் தலைசிறந்தது எஃப்எஃப்எம்பெக் என்னும் மென்பொருள். ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு நிரலாளர் 2000-ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினார். பெயரின் முதல் இரண்டு எழுத்துகளும் நாடாவை விரைந்து முன்னே ஓட்டுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். மீதி எழுத்துகள், அசையும் படங்களுக்குத் தரம் வகுத்த வல்லுநர் குழுவின் பெயரிலிருந்து வந்தவை. நாம் அறிந்த ஒலி, பட வடிவங்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் இது படிக்கும், ஒன்றை இன்னொன்றாக மாற்றும், வெட்டும், ஒட்டும். இதைப்போலவே ஒலியை மட்டும் கையாளும் சாக்ஸ் என்னும் கருவி 1991-இல் தோன்றியது. எம்பி3 கோப்புகளைச் செய்யும் லேம் என்னும் கருவி 1998-இல் தொடங்கப்பட்டது. எல்லாமே இலவசம். எல்லாமே பலருடைய தன்னார்வ உழைப்பால் வளர்ந்தவை.

எஃப்எஃப்எம்பெக்கிடம் வேலை சொல்வது எப்படி? முதலில் அதன் பெயரைத் தட்ட வேண்டும். பிறகு ஒரு சிறுகோடும் 'ஐ' என்னும் ஆங்கில எழுத்தும். அடுத்து, எடுக்க வேண்டிய கோப்பின் பெயர். அதற்கு அடுத்து, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது, படத்தை எப்படிச் சுருக்குவது, ஒலியை என்ன செய்வது என்ற குறிப்புகள். கடைசியில், புதிய கோப்புக்கு நாம் வைக்கும் பெயர். இவ்வளவுதான். ஆனால் அந்தக் குறிப்புகள் ஒன்றல்ல, இரண்டல்ல, நூற்றுக்கணக்கானவை. ஒரு புள்ளி தவறினாலும், ஓர் இடைவெளி மாறினாலும் வேலையாள் புரியவில்லை என்று சொல்லிவிடுவான். இந்த இடத்தில்தான் முகப்பு நமக்குக் கைகொடுக்கிறது.

மனு எழுதிக் கொடுப்பவர்

அக்காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் ஒருவருக்கு அரசாங்க அலுவலகத்தில் காரியம் ஆக வேண்டுமானால் என்ன செய்வார்? கிராணியிடம் போவார், அல்லது பட்டணத்தில் மனு எழுதுபவரிடம் போவார். "ஐயா, என் மகனுக்குப் பிறப்புப் பத்திரம் வேணுங்க. ஒரு மனு எழுதிக் கொடுங்க" என்பார். பெரியவர் சொல்வது தமிழில். மனு எழுதப்படுவது ஆங்கிலத்திலோ மலாயிலோ. எழுதி முடித்ததும் பெரியவர் கைநாட்டு வைப்பார். மனு அலுவலகத்துக்குப் போகும். அலுவலகத்தில் இருப்பவர் பெரியவரின் பேச்சைக் கேட்பதில்லை. மனுவில் இருப்பதை மட்டும்தான் படிக்கிறார். அதன்படிதான் காரியம் நடக்கிறது.

கணினியில் முகப்பு என்பது இந்த மனு எழுதுபவரைப் போன்றது. நாம் பொத்தானை அழுத்துகிறோம்; பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். முகப்பு அதையெல்லாம் ஒரு கட்டளை வரியாக எழுதி உள்ளே இருக்கும் வேலையாளிடம் நீட்டுகிறது. வெட்டுவதும் சுருக்குவதும் வேலையாளின் செயல். முகப்பு எழுதிக் கொடுக்கிறது. வேலையாள் செய்து முடிக்கிறான். "தொடங்கு" என்னும் பொத்தானை நாம் அழுத்துவதுதான் கைநாட்டு.

நல்ல மனு எழுதுபவர் எழுதியதை வாசித்துக் காட்டுவார். "நீங்க சொன்னது இதுதானே?" என்று கேட்பார். மற்றொருவர், "இங்கே விரலை வையுங்க" என்று மட்டும் சொல்லுவார். படிக்காத தாளில் கைநாட்டு வைத்ததனால் வந்த துன்பங்கள் நம் பெரியவர்களுக்குத் தெரியாதவை அல்ல. முகப்பைப் பயன்படுத்துவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நன்கு கற்றவர்களும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால், நம் பெயரில் என்ன எழுதப்படுகிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமையை நாம் விட்டுவிடக் கூடாது. அதற்குக் கணினிப் படிப்பு முழுவதும் வேண்டியதில்லை. ஒரே ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பெரும்பகுதி விளங்கிவிடும்.

வாளி மாற்றுவதும் ஷீட் அடிப்பதும்

பால்மரம் சீவியவர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்வது எளிது. மங்கிலிருந்து எடுத்த பாலை ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்கு ஊற்றினால் பால் மாறுவதில்லை, பாத்திரம்தான் மாறுகிறது. அதே பாலில் ஆசிட் கலந்து உறைய வைத்து, உருளையில் கொடுத்து ஷீட் அடித்துவிட்டால், அது கையாள எளிதாகிறது, இடமும் குறைகிறது. ஆனால் அந்த ஷீட்டை மறுபடி பாலாக்க முடியாது.

கணினிக் கோப்பிலும் இந்த இரண்டு வேலைகள் உண்டு. எம்பி4 என்றும் எம்கேவி என்றும் நாம் சொல்வதெல்லாம் வாளியின் பெயர்கள். வாளிக்குள்ளே இருக்கும் படமும் ஒலியும் வேறு. அவற்றைத் தொடாமல் வாளியை மட்டும் மாற்றலாம். வேண்டாத பகுதியை வெட்டி, வேண்டிய பகுதியை அப்படியே இன்னொரு வாளியில் ஊற்றலாம். இதற்குச் சில நொடிகளே ஆகும். தரம் சிறிதும் குறையாது. மற்றொரு வேலை, படத்தையும் ஒலியையும் விரித்து, மறுபடியும் புதிதாகச் சுருக்குவது. இதற்கு நீண்ட நேரம் ஆகும். கோப்பு சிறிதாகும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று இழக்கப்படும். இழந்தது திரும்பி வராது. ஷீட் பால் ஆகாததைப் போலத்தான்.

இதில் எவ்வளவு இழக்கிறோம் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இசைத்தட்டுத் தரத்தில் ஒலியைப் பதிவு செய்தால், ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள் இரண்டு காதுகளுக்கும் எடுக்கப்படுகின்றன. ஒரு நிமிட ஒலிக்கு ஏறக்குறைய 10 மெகாபைட் இடம் பிடிக்கும். 60 நிமிட ஒலிநாடா முழுவதற்கும் ஏறக்குறைய 635 மெகாபைட் தேவை. அதையே நொடிக்கு 128 கிலோபிட் என்னும் அளவில் எம்பி3 ஆக்கினால், 58 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. மீதிப் பத்துப் பங்கு, காதுக்கு எளிதில் புலப்படாது என்று கணக்குப் போட்டு விலக்கப்பட்டவை. ஒருமுறை செய்தால் பெரிய குறை தெரியாது. எம்பி3-யிலிருந்து இன்னோர் எம்பி3, அதிலிருந்து மற்றொன்று என்று செய்துகொண்டே போனால், நகலுக்கு நகல் எடுத்த தாளைப்போல எழுத்து மங்கிவிடும். பாட்டியின் தாலாட்டு தகரத்தில் தட்டிய ஓசையாகிவிடும்.

ஆகவே முதற்பதிவை இழப்பில்லாத வடிவத்தில் வைப்பதே நலம். டபிள்யூஏவி என்னும் வடிவத்தில் ஒலி அப்படியே இருக்கும். ஃபிளாக் என்னும் வடிவம் ஒன்றையும் இழக்காமல் இடத்தை மட்டும் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும். கைப்பேசியில் உறவினர்களுக்கு அனுப்புவதற்கு, அதிலிருந்து ஓர் எம்பி3 பிரதியைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று கருவிகள், மூன்று வேலைகள்

இனி, பெட்டியைத் திறந்து வேலையைத் தொடங்குவோம்.

முதல் வேலை, ஒலிநாடாவைக் கணினிக்குள் கொண்டுவருவது. இதற்கு ஆடாசிட்டி என்னும் மென்பொருள் ஏற்றது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாமினிக் மசோனி, ரோஜர் டேனன்பர்க் ஆகிய இருவரும் தொடங்கிய இது, 2000 மே மாதத்தில் வெளியிடப்பட்டது. இது வெறும் முகப்பு அல்ல. தனக்கென்று இயந்திரம் உடையது. எம்பி4 போன்ற கோப்புகளைத் திறக்க வேண்டிய நேரத்தில் எஃப்எஃப்எம்பெக்கைத் துணைக்கு அழைத்துக்கொள்ளும். நாடாக் கருவியின் ஒலி வெளிவரும் துளையிலிருந்து கணினியின் ஒலி உட்புகும் துளைக்கு ஒரு கம்பி போதும். கணினியில் அத்துளை இல்லையென்றால், யூஎஸ்பி-யில் செருகும் சிறு கருவி கடைகளில் கிடைக்கும். முன்னதாக நாடாவை ஒருமுறை முழுவதும் ஓட்டித் திருப்பிச் சுற்றிவிடுவது நல்லது. அறுபது நிமிட நாடாவைப் பதிய அறுபது நிமிடம் ஆகும். இதற்குக் குறுக்குவழி கிடையாது.

பதிந்த ஒலியில் 'உஸ்' என்ற இரைச்சல் இருக்கும். யாரும் பேசாத இரண்டு நொடிப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, "இதுதான் இரைச்சல்" என்று ஆடாசிட்டிக்குக் காட்டிவிட்டால், மற்ற இடங்களிலும் அதைக் குறைத்துக் கொடுக்கும். அளவோடு செய்ய வேண்டும். மிகுதியாகக் குறைத்தால், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். சுத்தம் செய்யாத பதிவையும் ஒரு பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆடாசிட்டியில் 'சேமி' என்று கொடுத்தால் கிடைப்பது அந்த மென்பொருளுக்கு மட்டுமே உரிய வேலைக் கோப்பு. கைப்பேசியிலும் பிற கருவிகளிலும் கேட்பதற்கு 'ஏற்றுமதி' என்பதைக் கொடுத்து, டபிள்யூஏவி அல்லது ஃபிளாக் வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது வேலை, வீடியோவில் வேண்டாததை வெட்டுவது. வீடியோ நாடாக் கருவியின் மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிகளை யூஎஸ்பி பதிவுக் கருவியில் இணைத்துப் பதிவு செய்தால், மூன்று மணி நேரக் கோப்பு ஒன்று கிடைக்கும். மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் இடது, வலது ஒலிக்கு. அந்தக் கோப்பில் வெறும் கோடுகளாக ஓடும் பகுதிகளும், நடுவே யாரோ பதிந்துவிட்ட தொலைக்காட்சி நிகழ்ச்சியும் இருக்கும். இவற்றை நீக்க லாஸ்லெஸ்கட் என்னும் முகப்பு உதவும். மிக்கேல் ஃபின்ஸ்டாட் என்பவர் செய்த இது, எஃப்எஃப்எம்பெக்குக்கு மனு எழுதிக் கொடுப்பவர்தான். தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் குறித்தால், வாளி மாற்றுவதுபோல் அப்பகுதியை மட்டும் எடுத்துக் கொடுக்கும். மூன்று மணி நேரக் கோப்பிலிருந்து தாலி கட்டும் காட்சியை எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

சில வேளைகளில், நாம் குறித்த இடத்துக்குச் சற்று முன்னரே வெட்டு விழும். அது பழுது அல்ல. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, வீடியோக் கோப்பில் எல்லாப் படங்களும் முழுமையாக எழுதப்படுவதில்லை. ஒரு முழுப்படம்; அதன்பின் மாறிய பகுதிகள் மட்டும்; சிறிது நேரம் கழித்து மறுபடி ஒரு முழுப்படம். பாலைத் தொடாமல் வெட்ட வேண்டுமானால் முழுப்படம் இருக்கும் இடத்தில்தான் தொடங்க முடியும். ஆகவே இரண்டு பக்கமும் சில நொடிகள் தாராளமாக விட்டு வெட்டுவது நன்று.

மூன்றாவது வேலை, பெரிய கோப்பைச் சிறிதாக்குவது. இதற்கு ஹேண்ட்பிரேக். எரிக் பெட்டி என்பவர் 2003-இல் தொடங்கிய இம்மென்பொருளின் 1.0 பதிப்பு 2016 டிசம்பரில்தான் வந்தது. பதின்மூன்று ஆண்டுப் பொறுமை! இது எஃப்எஃப்எம்பெக்கின் நூலகங்களைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. பொத்தான் முகப்பும் உண்டு. விரும்புவோருக்குக் கட்டளை வரி வடிவமும் உண்டு. ஒன்றை மறக்கக் கூடாது: ஹேண்ட்பிரேக் படத்தை எப்போதும் மறுபடி சுருக்கும். அதாவது ஷீட் அடிக்கும் இயந்திரம் இது. வெட்டுவதற்கு மட்டும் இதைப் பயன்படுத்தினால் தரத்தை வீணே இழப்போம்.

ஹேண்ட்பிரேக்கில் முன்னமைப்புகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். நாமாக எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் 1080 கோடுகளுக்கு உரிய ஒன்று தானாக நிற்கும். அது இக்காலக் கைப்பேசிப் படத்துக்குப் பொருந்தும். நம் நாட்டு வீடியோ நாடாக்களோ பால் முறையில் பதிந்தவை. நொடிக்கு 25 படங்கள். அதற்கு 'ஃபாஸ்ட் 576பி25' என்னும் முன்னமைப்பைத் தேர்ந்தெடுக்கலாம். தர எண் என்று ஒன்று உண்டு; எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெரிதாகும். பழைய வீடியோ அளவுக்கு 18 முதல் 22 வரை வைக்கலாம் என்பது ஹேண்ட்பிரேக் குழுவினரின் அறிவுரை. யாராவது கையை அசைக்கும்போது ஓரங்களில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரிந்தால், பழைய தொலைக்காட்சி முறையின் ஒற்றை, இரட்டைக் கோடுகள் பிரியாமல் கலந்திருக்கின்றன என்று பொருள். அதைச் சீர்செய்யும் வசதியும் வடிகட்டிகள் என்னும் பகுதியில் இருக்கிறது.

எழுதியதை வாசிக்கச் சொல்வோம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். நல்ல முகப்பு, தான் எழுதிய மனுவை வாசித்துக் காட்டும். லாஸ்லெஸ்கட்டில், கடைசியாக இட்ட கட்டளைகளைக் காட்டும் பகுதி ஒன்று இருக்கிறது. எம்கேவி கோப்புகளைத் தொகுக்கும் எம்கேவிடூல்நிக்ஸ் என்னும் முகப்பும் தன் கட்டளை வரியைக் கேட்டால் காட்டும். ஹேண்ட்பிரேக்கில் வேலைப் பதிவேடு இருக்கிறது. அந்த ஆங்கில வரிகளைப் பார்த்து மலைக்க வேண்டாம். எஃப்எஃப்எம்பெக்குக்கு எழுதப்பட்ட வரியில் இரண்டு அடையாளங்களை மட்டும் தேடினால் போதும்.

முதல் அடையாளம், 'காப்பி' என்ற சொல். சிறுகோடு, 'சி' என்னும் எழுத்து, அடுத்து 'காப்பி' என்று இருந்தால், வாளி மாற்றும் வேலைதான் நடக்கிறது, தரம் போகாது. அந்த இடத்தில் 'லிப்எக்ஸ்264' என்பது போன்ற பெயர் இருந்தால், ஷீட் அடிக்கப்படுகிறது என்று அறியலாம். இரண்டும் தேவையான வேலைகள்தாம். ஆனால் எது நடக்கிறது என்று தெரிந்து செய்ய வேண்டும்.

இரண்டாவது அடையாளம், சிறுகோட்டுடன் தனியாக நிற்கும் 'ஒய்' என்னும் எழுத்து. புதிய கோப்பின் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால், எஃப்எஃப்எம்பெக் நின்று, "பழையதை அழித்து எழுதட்டுமா?" என்று கேட்கும். நல்ல வேலையாளின் குணம் அது. ஆனால் அந்த 'ஒய்' எழுத்து இருந்தால், கேட்காமல் அழித்து எழுதிவிடும். முகப்புகள் அந்த எழுத்தை நமக்குத் தெரியாமலே சேர்ப்பதுண்டு. ஆகவே, மூலக் கோப்புகள் ஒரு உறையிலும், புதிதாகச் செய்பவை வேறோர் உறையிலும் இருக்கட்டும். அப்போது யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் தாத்தாவின் குரல் அழியாது.

வேலை பாதியில் நின்றுவிட்டால் முகப்பு சில வேளைகளில் "தோல்வி" என்று ஒரு சொல் மட்டும் காட்டும். காரணம் பதிவேட்டில் இருக்கும். வட்டில் இடம் இல்லை, கோப்பு பாதியில் அறுந்திருக்கிறது, அந்தப் பெயரில் கோப்பே இல்லை என்று வேலையாள் தெளிவாகவே சொல்லியிருப்பான். மேற்படிப்புப் படிக்கும் மகனோ மகளோ வீட்டில் இருந்தால், அந்தக் கடைசிச் சில வரிகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு செய்தி. பெட்டியில் நாற்பது நாடாக்கள் இருந்தால், நாற்பது தடவை பொத்தான் அழுத்துவது சலிப்பாகும். ஹேண்ட்பிரேக்கில் வரிசை என்னும் வசதி உண்டு. எல்லாக் கோப்புகளையும் வரிசையில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போகலாம். அடுத்த படியாக, முகப்பு காட்டும் கட்டளை வரியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கோப்பின் பெயரை மட்டும் மாற்றிக் கறுப்புத் திரையில் நீங்களே தட்டிப் பாருங்கள். மனு எழுதுபவர் எழுதியதைப் பார்த்துப் பார்த்தே எழுதக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் நம் தோட்டங்களில் உண்டு. கணினியிலும் அந்த வழி திறந்தே இருக்கிறது.

சில எச்சரிக்கைகள்

முகப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன என்று எங்கிருந்தும் இறக்கிக்கொள்ளக் கூடாது. 2017 மே மாதத் தொடக்கத்தில், ஹேண்ட்பிரேக்கை வழங்கிவந்த இரு வழங்கிகளில் ஒன்றில் தீயவர்கள் புகுந்து, மெக் கணினிக்கான கோப்பை எடுத்துவிட்டு வேவு பார்க்கும் மென்பொருளை வைத்துவிட்டார்கள். மே 2 முதல் 6 வரை அது அங்கே இருந்தது. அந்நாட்களில் இறக்கியவர்களுக்குப் பாதிக்குப் பாதி ஆபத்து என்று ஹேண்ட்பிரேக் குழுவினரே அறிவித்து எச்சரித்தார்கள். நல்ல பெயர் பெற்ற மென்பொருளுக்கே இப்படி நேர்ந்தது என்றால், பெயர் தெரியாத இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மென்பொருளைச் செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். அங்கே சரிபார்ப்பு எண் ஒன்று கொடுத்திருப்பார்கள். இறக்கிய கோப்பின் எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்கிறதா என்று, ஸ்டோரில் பாலை நிறுத்துப் பார்ப்பதைப்போல, ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடுத்து, கைப்பேசியில் அனுப்புவது பற்றி. வாட்ஸ்அப்பில் வீடியோவை வழக்கம்போல அனுப்பினால், அது மறுபடி சுருக்கப்பட்டே போய்ச் சேரும். தரம் குறையாமல் சேர வேண்டுமானால் ஆவணமாக அனுப்ப வேண்டும். பார்த்து மகிழச் சிறிய பிரதி போதும். காத்து வைக்கப் பெரிய பிரதிதான் வேண்டும்.

மூன்றாவதாக, ஒரே பிரதியை நம்பியிருக்கக் கூடாது. கணினியில் ஒன்று, தனி வட்டில் ஒன்று, வேறோர் ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ ஒன்று என மூன்று இருக்கட்டும். வெள்ளம் வந்தாலும் திருட்டுப் போனாலும் ஒன்று தப்பும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, ஊர், பேசுபவர் யார் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். 'பாட்டி, தாலாட்டு, 1983' என்று இருந்தால் பேரப்பிள்ளைக்குப் பயன்படும். எண் மட்டும் இருந்தால், கேட்பவர் யார் குரல் என்று அறியமாட்டார். இந்தப் பெயர்களைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களை அருகில் உட்கார வைத்துக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அந்த வேலையை எந்த மென்பொருளும் செய்யாது.

கடைசியாக, மூல நாடாவைத் தூக்கி எறிய வேண்டாம். ஒலியின் தரத்தில் ஐயம் வந்தால், அது இருக்கும்வரை மறுபடி பதியலாம்.

நேயர்களே, இன்று நாம் பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: முகப்பு எழுதிக் கொடுக்கிறது, வேலையாள் செய்கிறான், கைநாட்டு நம்முடையது. கைநாட்டு வைக்கும் முன், வாளி மாற்றுவதா ஷீட் அடிப்பதா என்று கேளுங்கள். மூலத்தைத் தனியே வையுங்கள். இவ்விரண்டையும் கடைப்பிடித்தால், கணினியை முதன்முறையாகத் தொடுபவரும் துணிந்து இந்த வேலையில் இறங்கலாம். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியைத் திறந்து, எத்தனை நாடாக்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். எது மிகப் பழையதோ அதிலிருந்து தொடங்குங்கள்.